நார்த்தாமலையின் கல்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற சாலையில் வருகிறது நார்த்தாமலை. தூரத்திலிருந்து பார்த்தால் யானைகள் படுத்திருப்பதுபோல மொட்டைப் பாறைகள். பூமிக்கு அடியில் ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறி இறுகிய கருங்கல் இது. அப்படி நிதானமாக ஆறியதால்தான் குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகிய கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும் மணிகளாக வளர்ந்தன. மேலே மூடியிருந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போக, பாரம் குறைந்த கல் வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரிகிறது. மலைக்கு அந்த வழுவழுப்பான உருண்டை வடிவம் வந்தது அதனால்தான்.

இந்த உரிசலைக் கல் உடைப்பவர்கள் என்றைக்கோ கண்டுகொண்டார்கள். வரிசையாகக் குழி வெட்டி, மர ஆப்பு அடித்து, தண்ணீர் ஊற்றுவார்கள். ஊறி உப்பும் மரம் பாறையைப் பிளந்துவிடும். வெடிமருந்து எதற்கு?

கருங்கல் கிடைக்காத தஞ்சைக்குக் கல் வெளியிலிருந்துதான் போக வேண்டும். பெரிய கோயிலின் கற்கள் இந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு.

இங்கேயே மேலமலைச் சரிவில், மேற்கு பார்த்து நிற்கிறது விஜயாலய சோழீச்சரம் என்ற கோயில். சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி (கற்கோயில்) மழையில் இடிந்தது, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தார் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. சதுரமான விமானத்துக்குள் கருவறை மட்டும் வட்டம். நேரில் போனால் அதைக் கவனியுங்கள்.