பயிற்சிக்கு ஒரு பிள்ளை வந்தால்

விடியுமுன் கடலுக்குப் போகிறவரின் மருந்துச் சீட்டில் ‘காலைச் சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருந்தால், அது எத்தனை மணி? புதுச்சேரி குருசுக்குப்பம் மாதிரியான மீனவர் பகுதியில் மருந்து கொடுக்கும் பார்மசிஸ்டுக்கு இது பழகிய கேள்வி. பயிற்சிக்கு வந்த பிள்ளைக்குப் புதிது. 1-0-1 என்பதைப் படிக்கத் தெரியும், “அண்ணே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” என்று கேட்கத் தோன்றாது. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வலை இழுத்தால் படகிலேயே மயக்கம் வரலாம். இதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

அதற்காகத்தான் டி.பார்ம் மாணவருக்கு 500 மணி நேரப் பயிற்சி. 1991-ஆம் ஆண்டுக் கல்வி விதிகள் அதில் 250 மணி நேரத்தைச் சீட்டு பார்த்து மருந்து கொடுக்கும் வேலைக்கே ஒதுக்கின. ஒரே பார்மசிஸ்ட் இருக்கும் இடத்தில் இரண்டு மாணவருக்கு மேல் கூடாது என்றும் சொல்லின. அந்த வரம்பை எழுதியவர்களுக்குக் கற்பித்தல் என்னவென்று தெரிந்திருக்கிறது.

பார்மசிஸ்டின் மனக்குறை நாம் அறிந்ததே. சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமையை 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம் பதிவு பெற்ற அவருக்கே தந்திருக்கிறது. ஆனால் அட்டையை வெட்டுவதிலும் பில் போடுவதிலும் பொழுது போய்விடுகிறது. படித்த படிப்பை யாரும் கேட்பதில்லை. மாணவர் கேட்கிறார். ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கை ஏன் இரண்டு நாளில் நிறுத்தக் கூடாது? சில மருந்துகளின் விற்பனையைக் குறித்து வைக்கும் எச்1 பதிவேட்டை ஏன் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்? பதில் சொல்லச் சொல்ல, தூர்ந்துபோன கிணற்றில் நீர் ஊறுவதுபோல் பழைய படிப்பு மேலே வருகிறது. அந்தப் பிள்ளையின் கண் முன்னால் அவசரத்துக்கு ஒரு மாத்திரையை வாய் பேசாமல் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. வேலையில் மனநிறைவு என்று நான் சொல்வது இதைத்தான்.

கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிற பயிற்சியும் நடக்கிறது. அதில் மாணவர் இழப்பது கொஞ்சமல்ல. கையெழுத்துப் போட்டவர் இழப்பதும் அதே அளவுதான்.

2008-இல் தொடங்கிய பார்ம்.டி. படிப்பில் ஆறாம் ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. அமெரிக்காவில் கடைசிக் கட்டப் பயிற்சி மட்டும் 1440 மணி நேரம். அங்கே வழிகாட்டும் பார்மசிஸ்டுக்குப் ‘பிரிசெப்டர்’ என்று தனிப்பெயரே உண்டு. நம் ஊரில் அந்த 500 மணி நேரமும் மாணவரின் கணக்கில்தான் ஏறுகிறது. சொல்லிக்கொடுத்தவர் பதிவைப் புதுப்பிக்க வரும்போது அவர் கணக்கிலும் அதை எழுத வேண்டும்.