இதய வால்வில் நிணநீர்க் குழாய் உண்டா?

பாலூட்டிகளின் இதயத்தசை நிணநீர்க் குழாய்களால் பின்னப்பட்டது. வால்வு இதழ்களிலோ அவை அரிது. காரணம் இதழின் மெல்லிய தன்மை. கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ஈரலோடு வரும் இதயத்தைப் பிளந்தால், இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வின் இரு இதழ்களும் வெண்ணிறச் சவ்வாகத் தெரியும். விளிம்பிலிருந்து நரம்புபோன்ற வெள்ளை இழைகள் தசை முகடுகளுக்கு இறங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் இதழில் ஒளி ஊடுருவும். இவ்வளவு மெல்லிய திசுவுக்கு ஆக்சிஜன், இருபுறமும் ஓடும் இரத்தத்திலிருந்தே கசிந்து கிடைத்துவிடுகிறது; அதனால் உள்ளே குழாய்கள் அதிகம் தேவைப்படுவதில்லை.

இதழ் தசையோடு சேரும் அடிப்பகுதி தடிப்பானது. குழாய்கள் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். அங்கிருந்து நிணநீர் இதயத்தின் வெளிப்பரப்புக் குழாய்களை அடைந்து, நெஞ்சறை நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது.

நுண்ணோக்கியில் நிணநீர்க் குழாய்களை மெல்லிய சிரைகளிலிருந்து பிரித்தறிவது சிரமம். அதனால்தான் வால்வில் அவை உண்டா என்ற கருத்து வேறுபாடு நெடுநாள் நீடித்தது. போடோபிளானின், லைவ்-1 போன்ற புரத அடையாளங்கள் 1999 வாக்கில் கிடைத்தபின் ஆய்வு எளிதானது.

நோய் வந்தால் கதை மாறுகிறது. சுண்ணாம்பு படிந்து இறுகிய மனித மகாதமனி வால்வில் புதிய இரத்தக் குழாய்களோடு நிணநீர்க் குழாய்களும் முளைத்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இந்தியாவில் இன்னும் ஓயாத வாதக் காய்ச்சலிலும் இதழ்கள் தடித்து, உள்ளே இரத்தக் குழாய்கள் நுழைகின்றன.