பேய் மேல் பழியைப் போடுவது எப்படி

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மாணவர் விடுதி. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்தலுக்கடியில் செத்துக் கிடக்கிறான். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒருத்தன் கிடந்த மாதிரியே. 'அவன் திரும்பி வந்துட்டான்' என்கிறது விடுதி. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மர்மக் கதைக்கு இதைவிடத் தோதான தொடக்கம் எனக்குத் தெரியாது. விடுதி கற்பனை, சாவும் கற்பனை. கதையைக் கட்டும் வேலையை மட்டும் நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் எழுத வேண்டியது பழைய கொலை. போலீஸ் ஏட்டு எழுதுவதுபோல் ஒரே பக்கம், உணர்ச்சி வேண்டாம். பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கு மருந்தடிக்கக் கூலிக்குப் போனவன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை பட்டு அவன் வலது கை நீலம் பாரித்திருந்தது. ஒரு கால் செருப்பைக் காணோம். இவ்வளவுதான். இந்தத் தாள் நாவலில் எங்கும் வராது. ஆனால் கடைசி அத்தியாயம் வரை மேசையிலேயே கிடக்க வேண்டும்.

அடுத்தது வதந்தி. இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கிறேன். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்யும் கொலையில் கொலையாளி காப்பியடிப்பது நடந்ததை அல்ல, தன் காதில் விழுந்ததை. விடுதிக் கதையோ பேட்சுக்கு பேட்ச் மாறும். முதல் பேட்ச் சொன்னது: 'கை நீலமா இருந்துச்சு.' பத்து வருஷம் கழித்து மருந்தடிப்பு விஷயம் மறந்துபோய், 'உடம்பே நீலம், நாகம் தீண்டியிருக்கு' என்றாகிறது. இப்போதைய பேட்சுக்குப் பேயின் கண்ணே நீலம். விளக்கணைத்த பிறகு எட்டாம் வகுப்புப் பையனைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அண்ணன்மார் சொல்வது இதைத்தான்: "டேய், ராத்திரி பைப்படிப் பக்கம் மட்டும் போயிராத. நீலக் கண்ணன் நிப்பான்." பையன் போர்வைக்குள்ளிருந்து, "எந்தப் பைப்புண்ணே?" என்பான். இந்த மூன்று வடிவங்களையும் எந்த வருஷம் யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தனித்தனித் தாளில் எழுதிவைக்கிறேன். புதுப் பிணத்தின் உடம்பு முழுக்க மயில்துத்தம் பூசியிருந்தால், செய்தவன் நடு பேட்ச் கதையைக் கேட்டு வளர்ந்தவன். இன்ஸ்பெக்டர் 'அன்றைக்கு ராத்திரி எங்கே இருந்தாய்' என்று கேட்கத் தேவையில்லை. 'இந்தக் கதையை உனக்கு யார் சொன்னது' என்று வார்டனையும் சமையல்காரரையும் பையன்களையும் வரிசையாகக் கேட்டால் போதும். துப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அவன் ஏன் காப்பியடிக்க வேண்டும்? 1936இல் வந்த 'ஏபிசி மர்டர்ஸ்' நாவலில் அகதா கிறிஸ்டி, வேண்டிய ஒரு கொலையை வேண்டாத கொலைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்தார். (இதுவரை படிக்காதவர்கள் மன்னிக்க.) நம் ஊரில் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். காத்து கருப்பு மேல் பழியைப் போட்டால் பாதி ஊர் தேடுவதையே விட்டுவிடும். இந்திரா சௌந்தர்ராஜன் கதையை நாகா இயக்கி, தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு' முழுக்க இந்த ஊர்மனத்தின் மேல்தான் நின்றது. சாவு விழுந்தால் கருப்பசாமி தண்டித்துவிட்டார் என்பார்கள், ஆளைத் தேட மாட்டார்கள். தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவும் 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' என்ற கொலைப் படத்தை எடுத்தார். ஆனால் அந்தக் கொலைகளைப் பட்டணத்தில்தான் வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கை விட்டுவைத்ததில் எனக்கு லாபம்.

பிறகு காலண்டர். இதை நானாக உருவாக்க வேண்டியதில்லை, ஊரே தருகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அதே சமயத்தில், பருவம் சரியாக இருந்தால், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முல்லைப் பெரியாறு தண்ணீரைத் திறப்பார்கள். ஆறு நிறைந்து ஓடும் வாரத்தில் முதல் சாவு. ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்ட, நமக்குக் காற்றும் சாரலும் வந்து சேரும். கல்தூண்களுக்கு மேல் இழுத்துக் கட்டிய பந்தல் கம்பி ராத்திரியில் முனகும். இரண்டாவது சாவை அங்கே வைக்கிறேன்.

காகித வேலையில் தப்பு வந்தால் தேனிக்காரர்கள் சிரிப்பார்கள். 2024 ஜூலை 1க்கு முந்தைய கதையென்றால் சந்தேக மரணம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, அதற்குப் பிறகென்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194. உடலை க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதாக வைத்தால், தேனியையும் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் பேய்க்கு ஒரு முழுநாள் கிடைத்துவிடும். சிறார் நீதிச் சட்டப்படி பத்திரிகைகள் பையனின் பெயரைப் போடக் கூடாது. பத்திரிகை விட்ட இடத்தை விடுதி நிரப்பிக்கொள்ளும்.

சாவு நடந்த விதத்தை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுவேன். படிப்பது பதினைந்து வயசு.

பேயோட்டும் கோடாங்கி காட்சி ஒன்றும் வரும். அதைக் கேலிக்கூத்தாக்கப் பிடிக்காது. பயந்து காய்ச்சலில் கிடக்கும் பையனைத் தாய்மாமன் உடுக்கைச் சத்தத்துக்கு முன்னால் உட்காரவைக்கிறார். "யாரு வந்திருக்கே, சொல்லு" என்று கோடாங்கி அதட்டுகிறார். போலீஸிடம் வாயே திறக்காதவன், பேயின் குரலில் தான் பார்த்ததையெல்லாம் சொல்லிவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை சொன்னது அவன் இல்லை. அதனால் பயமும் இல்லை. திருநீற்றைப் பூசிவிட்டு, "இது பேய் பேச்சு இல்லப்பா, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ" என்கிறார் கோடாங்கி.

கடைசியாகச் செருப்பு. மேசையில் கிடக்கும் முதல் தாளை இப்போதுதான் எடுத்துப் பார்க்கிறேன். ஒற்றைச் செருப்பு காணாமல் போனது பழைய கோப்பில் மட்டும் இருக்கிறது. எந்த பேட்ச் கதையிலும் அது இல்லை. ஆனால் புதுச் சாவு இரண்டிலும் ஒரு கால் செருப்பைக் காணோம். பிடிபட்டவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்: மயில்துத்தம் வாங்கிய கடை, இடம், நேரம். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டே கேட்கிறார்: "ரெண்டு பேருக்கும் ஒரு கால் செருப்பை எங்கடா போட்ட?"

"செருப்பா? எந்தச் செருப்பு சார்?"