தூங்குவதுபோல் நடி

1970களில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு சிறுமிக்கு, அங்கிருந்த நர்ஸ் சொன்ன யோசனை இது: ஜிம்மி சாவில் வார்டுக்குள் வந்தால் தூங்குவதுபோல் நடி. வளர்ந்தபின் அந்தப் பெண்ணே இதைச் சொன்னார்.

சாவில் அன்று நாடே கொண்டாடிய பிபிசி தொகுப்பாளர். குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றும் நிகழ்ச்சியை நடத்தியவர். மருத்துவமனைகளுக்குப் பெரும் நிதி திரட்டியவர். 1990இல் ‘சர்’ பட்டம் பெற்று, 2011இல் மரியாதையோடு அடக்கமானார். மறு ஆண்டு அவர் செய்த பாலியல் கொடுமைகளெல்லாம் வெளிவந்தன. 2013 ஜனவரியில் வந்த காவல்துறை அறிக்கையின்படி புகார் சொன்னவர்கள் சுமார் 450 பேர். அவர்களில் பெரும்பாலோர் கொடுமை நடந்தபோது சிறார்கள்.

இப்படி ஒருவர் அம்பலமானதும் “அந்த ஆளைப் பார்த்தாலே எனக்கு என்னவோபோல் இருக்கும்” என்று பலரும் சொல்வோம். பொய் சொல்கிறோம் என்றில்லை. நினைவுதான் அப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போகுமுன், அங்கே என்னென்ன நடக்கலாம் என்று இஸ்ரேலில் மாணவர்களைக் கணிக்கச் சொன்னார் உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப். பயணம் முடிந்த பிறகு, முன்பு என்ன கணித்தீர்கள் என்று கேட்டபோது, நடந்துவிட்டவற்றைத் தாங்கள் கூடுதல் உறுதியோடு எதிர்பார்த்திருந்ததாகவே பலருக்கு நினைவிருந்தது.

உள்ளுணர்வு என்று ஒன்று இல்லாமல் இல்லை. அதன் வேகம் வியக்கவைப்பது. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும், நம்பலாமா கூடாதா என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. 2006இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டொடொரொவ் இருவரும் காட்டியது இது. கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் மீதான நம்பிக்கைதான் கூடுகிறது. மூளையில் பாதாம்பருப்பு வடிவிலுள்ள அமிக்டலா இருபுறமும் சிதைந்தவர்களுக்கு, மற்றவர்கள் ஒதுங்கிப்போகும் முகங்களும் நம்பகமாகவே தெரிகின்றன.

ஆனால் வேகம் வேறு, சரி வேறு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழி ஆய்வுக்கூடத்தில் தோற்றுப்போகிறது. எவர் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொன்ன நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக நூற்றுக்கு 54. காசு சுண்டினாலே 50 கிடைக்கும். அதிலும், பழகிப் பழகி மெருகேறிய வசீகரம் என்றால் கேட்கவே வேண்டாம். ‘சைக்கோபதி’ எனும் ஆளுமைக்கோளாறு கொண்ட குற்றவாளிகளை மதிப்பிட உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் முதலில் நிற்பதே நாவன்மையும் மேலோட்டமான கவர்ச்சியும்தான்.

எனவே அந்த நர்ஸ் சாவிலின் முகத்தைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தொலைக்காட்சி முன் உட்கார்ந்த கோடிப் பேருக்குக் கிடைக்காதது வார்டில் கிடைக்கும்: சாவில் எந்தக் கட்டிலருகே நின்றார், போனபின் எந்தக் குழந்தை அழுதது என்பது. அதற்குப் பெயர் உள்ளுணர்வு அல்ல, தகவல். என்னை இன்றும் வதைப்பது, அந்தத் தகவல் கட்டிலில் கிடந்த சிறுமியிடம் போய் நின்றுவிட்டதே என்பதுதான். அதே மருத்துவமனை பற்றிய 2015 விசாரணையிலும், தகவல் இப்படி மேலே போகாமல் நின்றதுதான் தெரிந்தது. அங்கே பாதிக்கப்பட்ட 60 பேரில் 10 பேரின் புகார்கள் அப்போதே சொல்லப்பட்டிருந்தன. ஒன்று முறையான புகாரே. 11 வயதுச் சிறுமிக்காக அவள் தந்தை கொடுத்தது.