பாலாறு ஏறி வந்தவர்கள்

பள்ளிப் பாடப் புத்தகத்தில் கங்கைக்கு கங்கோத்ரி, பிரம்மபுத்திராவுக்கு மானசரோவர் பக்கத்துப் பனி என்று மனப்பாடம் செய்கிறார்கள் பிள்ளைகள். சித்திரை வெயிலில் பனி உருகி அந்த ஆறுகளில் நீர் ஏறும். அதே சித்திரையில் கோலார் தங்கவயலின் பாலாறு வெறும் மணல். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222 என ஓடும் இந்த ஆற்றுக்கு மழையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

அதை நம்பித்தான் ஒரு ஊரே எழுந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையில் இறங்கியது. பாறையை உடைக்க ஆள் வேண்டும். பொடித்த பாறையைக் கழுவ, ஆளுக்குக் குடிக்க, தண்ணீர் வேண்டும். ஆட்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து, அதாவது இதே பாலாற்றின் கீழ்க்கரையிலிருந்து வந்தார்கள். தண்ணீருக்குக் கம்பெனி பிடித்த இடம் பேத்தமங்கலம். பாலாற்றை மறித்து எப்போதோ கட்டிய ஏரி அது. நுளம்பர், ஹொய்சளர் காலங்களில் உடைந்த கரையைச் செப்பனிட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து குழாய் வந்தது. மின்சாரமும் அப்போதுதான், 1902இல், சிவசமுத்திரத்திலிருந்து. தங்கம் எடுக்க வந்தவன் காவிரியையும் பாலாற்றையும் ஒரே மூச்சில் கட்டி இழுத்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான குழிகளில் நீரிறைக்கும் பம்புகள் நின்றன. உள்ளே தண்ணீர் ஏறியது. மேலே லைன் வீடுகளில் குடத்தோடு காத்திருப்பு, கீழே குடிக்க உதவாத வெள்ளம். சைனைடு மண்குன்றுகளின் நிழலில் வாழ்பவர்களுக்கு இந்த விபரீதம் புதிதல்ல. 2011 கணக்கெடுப்பின்படி 1.63 லட்சம் பேர் இங்கே. கம்பெனி போனாலும் தாகம் போகவில்லை.

மாவட்டத்தின் ஏரிகளை நிரப்ப 2018இல் பெங்களூரின் சுத்திகரித்த சாக்கடை நீர் கோரமங்கலா-செல்லகட்டா திட்டத்தில் வந்தது. நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் என்பது இலக்கு. அடுத்த மாதமே லக்ஷ்மிசாகர ஏரியில் நுரை பொங்கி, விவகாரம் நீதிமன்றம் போய், பிறகு மறுபடி ஓடியது. நிலத்தடி நீர் ஏற உதவியது என்று அரசு தரப்பு சொல்கிறது. மூன்றாம் கட்ட சுத்திகரிப்பு எங்கே என்று விவசாயிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பெங்களூர் கழித்ததைக் கோலார் குடிக்க வேண்டுமா? 2024இல் எத்தினஹொளே திட்டத்தின் முதல் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர். கோலாருக்கு வந்து சேர நெடுந்தூரம்.

இதற்கிடையே 1892 மைசூர்-சென்னை ஒப்பந்தம் வேறு. மேலே புதிதாகத் தேக்கினால் கீழே அனுமதி கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். தங்கவயல் தமிழனுக்கு இது தர்மசங்கடம். குடிப்பது மேல்கரையில், உறவு கீழ்க்கரையில்.

2021 நவம்பரில் பெய்த மழையில் பேத்தமங்கலம் ஏரி நிரம்பிக் கலிங்கு பாய்ந்தது. அந்தத் தண்ணீர் இறங்கிப் போன வழியில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எல்லாம்: தாத்தாக்கள் மூட்டையோடு ஏறி வந்த அதே வழி.