தானே நேராகும் ஸ்டீயரிங்

1970-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது சிட்ரோயன் எஸ்.எம். என்ற கார். வண்டி பிரான்சுடையது, எஞ்சின் இத்தாலியின் மசராட்டி. முன்சக்கரங்கள் இழுக்க, மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகம்! அதைவிட வியப்பு ஸ்டீயரிங்தான். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டே சுற்று. எஞ்சின் ஓடும்போது கையை எடுத்தால், வண்டி நின்றுகொண்டிருந்தாலும் தானாகவே நேராகிவிடும். புதிதாக ஓட்டுபவர் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். முன்விளக்குகள் ஆறு, அவற்றில் இரண்டு, ஸ்டீயரிங் திரும்பும் பக்கமே தாமும் திரும்பி வளைவைக் காட்டும். அமெரிக்கச் சட்டம் இந்த விளக்குகளை அனுமதிக்கவில்லை. ஆனாலும் 1972-இல் அங்கே 'மோட்டார் ட்ரெண்ட்' இதழின் ஆண்டின் சிறந்த கார் விருது இதற்குத்தான்! 1973 எண்ணெய் நெருக்கடி விற்பனையைச் சாய்த்தது. 1975-இல் தயாரிப்பு நின்றபோது, உருவான கார்கள் சுமார் 12,900.