காரை பெயரும் முன்னே

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டின் தளத்தில் காரை பெயர்ந்து விழுகிறதென்றால், உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிப் பல காலம் ஆயிற்று என்று பொருள். துருவுக்கு இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும்; அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. முன்கூட்டிப் பார்க்க அரைக்கல மின்னழுத்தச் சோதனை உண்டு. அதற்கும் ஓரிடத்தில் உடைத்துக் கம்பியில் ஒயர் கட்டியாக வேண்டும். அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துரு ஓடுவதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்பார்கள். எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. துரு என்பதே மின்வேதி வினை. கம்பி ஓரிடத்தில் கரைய, வேறோரிடத்தில் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள, இடையே மின்னோட்டம் ஓடுகிறது. அது எழுப்பும் காந்தப்புலத்தைக் கான்கிரீட் மறைப்பதில்லை. வெளியிலிருந்தே அதை அளக்கலாமே என்பதுதான் வாதம்.

அளப்பது லேசல்ல. ஒரு மில்லி ஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கிடைப்பது 20 நானோடெஸ்லா. நம் பக்கத்தில் பூமியின் புலமோ சுமார் 40,000. இந்த நுண்மைக்கு ஸ்குவிட் என்னும் காந்த உணரி உண்டு, கல்பாக்கத்திலேயே செய்கிறார்கள். ஆனால் பழைய வகைக்கு மைனஸ் 269 டிகிரிக் குளிரில் திரவ ஹீலியம் வேண்டும். ருபீடியம் ஆவி உணரிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. விமான அலுமினியத்தில் மறைந்திருக்கும் அரிப்பை அமெரிக்காவில் ஸ்குவிட் கொண்டு இப்படி அளந்தே பார்த்திருக்கிறார்கள். அலுமினியம் காந்தமாகாது, இரும்புக் கம்பி ஆகும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் இரும்பின் காந்தம் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும், துருவின் ஓட்டமோ ஈரத்தோடு ஏறி இறங்கும். நிலையானதைக் கழித்து மாறுவதைப் பிடிப்பதே வழி. உப்பு அரிக்கும்போது கரையும் இடமும் வாங்கும் இடமும் விலகி நிற்பதால் ஓட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை; கடற்கரைக்கு இது சாதகம்.

நல்ல கலவையும் கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் கனமும் இருந்தால் கருவி எதற்கு என்பார்கள் பொறியாளர்கள். புதுக் கட்டடத்துக்கு அது சரி. 2004 சுனாமிக்குப் பின் இக்கரையோரம் கட்டிய வீடுகள் இருபது ஆண்டு உப்புக்காற்றைக் குடித்தவை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியதும் இங்கேதான். அடுத்த புயலுக்கு மக்கள் ஒதுங்கப்போவது இதே தளங்களின் கீழ். அவற்றில் எது உள்ளுக்குள் கரைந்திருக்கிறது என்பதற்கு உடைக்காமல் இன்று நமக்குக் கிடைக்கும் சாட்சி, விழுந்த காரை மட்டும்தான்.